கொடுக்காமல் திரும்பிப் போனவர்கள்

"எதுக்காக வந்தா என்னக்கா, ரத்தம் ரத்தம்தானே?" எங்கள் குழு நடத்தும் ரத்ததான முகாம்களில் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இருந்ததில்லை. கல்லூரி முகாம் என்றால் ஓ.டி. (வகுப்புக்குப் போகாமலே வருகைப் பதிவு) கிடைக்கும் என்று வருகிற பையன்கள் இருப்பார்கள். கட்சித் தலைவர் பிறந்தநாள் முகாம் என்றால் வட்டச் செயலாளர் சொன்னார் என்று வேனில் ஏறி வந்தவர்கள் இருப்பார்கள். முழங்கை மடிப்பில் பஞ்சும் பிளாஸ்டருமாக ஒரு செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பதற்காகவும் சிலர் வருவார்கள். இவர்களையெல்லாம் பார்த்துப் பார்த்து மனசு விட்டுப்போய், எங்களோடு பல காலம் ஓடியாடிய ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் "இதுக்குப் பேரு தானமே இல்லம்மா" என்று ஒதுங்கிக்கொண்டார். அவர் சொன்னதும் எனக்கு ஒப்பவில்லை. "ரத்தம் ரத்தம்தானே" என்பதும் ஒப்பவில்லை. நோக்கம் சுத்தமாக இருந்தால்தான் தானம் என்றால் முகாமில் பாதி நாற்காலி காலியாகக் கிடக்கும். நோக்கம் எதுவானாலும் சரி என்றால் அதிலும் ஏதோ இடறுகிறது. என்ன இடறுகிறது என்று ரொம்ப நாள் எனக்குப் பிடிபடவில்லை.

நான் உட்காருவது பதிவு மேசையில். திருச்சியிலும் சுற்று வட்டாரத்திலும் நடக்கிற முகாம்களில் வருகிறவர்களின் பெயர், வயது, எடை எழுதி, படிவத்தைக் கையில் கொடுத்து அனுப்புகிற வேலை. அந்த ஒரு நிமிஷத்தில் பேச்சுக் கொடுப்பேன். "முதல் தடவையா தம்பி? எப்படி வரணும்னு தோணுச்சு?" ஒருத்தர் லாரி மெக்கானிக். அவர் மனைவிக்குப் பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல் பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்களாம். "எந்த மகராசன் குடுத்தானோ தெரியாது, அதான்" என்றார். ஒரு பெண்ணுக்கு ஊசி என்றாலே பயம், அந்தப் பயத்தைத் தாண்டிவிட வேண்டும் என்று வந்திருந்தாள். ரத்தம் கொடுத்தால் உடம்புச் சூடு தணியும் என்று நம்பி வருபவர்கள் நிறைய. லைசென்ஸுக்கு ரத்த வகை தெரிய வேண்டும், இங்கே காசில்லாமல் சொல்லிவிடுவீர்களாமே என்று கேட்டு வந்தவர்களும் உண்டு. ஆனால் நான் அதிகம் கேட்ட பதில் இது எதுவும் இல்லை. "கூப்பிட்டாங்க, வந்தேன்." அவ்வளவுதான். பக்கத்து வீட்டு அண்ணன் கூப்பிட்டார், ஹாஸ்டல் ரூம்மேட் கூப்பிட்டான், கம்பெனியில் சூப்பர்வைசர் கூப்பிட்டார்.

இதை நான் குறைத்துச் சொல்லவில்லை. "உதிரம் கொடுப்போம் உயிர் காப்போம்" என்று சுவரெல்லாம் எழுதி வைத்தாலும், அந்தச் சுவரைப் படித்துவிட்டு நேராக ரத்த வங்கிக்குள் நுழைகிறவர் ரொம்பக் குறைவு. தெரிந்த ஒருவர் முகம் பார்த்துக் கேட்க வேண்டும். முதல் தடவை அப்படித்தான் நடக்கும். இரண்டாவது, மூன்றாவது தடவை அவரே தேதி பார்த்து வந்துவிடுவார், ஆண்கள் என்றால் 90 நாள், பெண்கள் என்றால் 120 நாள் கழித்து. அந்தக் கட்டத்துக்கு வந்தவரிடம் காரணம் கேட்டால் பதில் சொல்லத் தெரியாமல் முழிப்பார். அது அவர் வாழ்க்கையில் ஒரு வேலையாகச் சேர்ந்துவிட்டது. எங்கள் குழுவைத் தாங்குவதே அப்படிப்பட்ட ஆட்கள்தான். முதல் தடவை அவர்களில் பலர் ஏதோ ஒரு அற்பக் காரணத்துக்குத்தான் வந்திருப்பார்கள் என்பதும் உண்மை.

நீலத் தண்ணீரும் ஒரு தாளும்

முகாமுக்கு வந்தவர் நாற்காலியில் சாய்வதற்கு முன் இரண்டு சோதனைகளைத் தாண்ட வேண்டும். ஒன்று உடம்பு பதில் சொல்வது. எடை 45 கிலோவாவது இருக்க வேண்டும், பிரஷர் சரியாக இருக்க வேண்டும், ஹீமோகுளோபின் 12.5க்குக் குறையக் கூடாது. இப்போது பல இடங்களில் ஹீமோகுளோபின் பார்க்கச் சின்ன மெஷின் வந்துவிட்டது. ஆனால் எனக்குப் பழைய முறைதான் பிடிக்கும். மயில்துத்தம் கரைத்த நீலத் தண்ணீர் ஒரு கண்ணாடிக் குப்பியில் இருக்கும். அதன் அடர்த்தி எண் 1.053 இருக்கும்படி கலந்து வைத்திருப்பார்கள். மோதிர விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை மேலேயிருந்து விடுவார் டெக்னீஷியன். சொட்டு நீலத்துக்குள் விழுந்து ஒரு நொடி தயங்கும். கால் நிமிஷத்துக்குள் அடியில் போய் உட்கார்ந்துவிட்டால் பாஸ். மிதந்தாலோ, பாதியில் நின்று மேலே ஏறினாலோ, அன்றைக்கு எடுக்க மாட்டார்கள். கொடுக்க வந்தவரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார். பரீட்சை ரிசல்ட் பார்க்கிற முகம்தான் எல்லோருக்கும்.

இரண்டாவது சோதனை அந்தப் படிவம். மஞ்சள்காமாலை வந்ததுண்டா, ஒரு வருஷத்துக்குள் பச்சை குத்தினீர்களா, சமீபத்தில் மலேரியா வந்ததா, பல் பிடுங்கினீர்களா, ஆபரேஷன் ஆனதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், இன்னும் அந்தரங்கமான சில கேள்விகள். ஆம், இல்லை என்று டிக் அடித்துக் கையெழுத்துப் போட வேண்டும். இதில் எதையும் எந்த மெஷினும் அங்கே சரிபார்க்காது. அந்த ஆளுக்கு மட்டும் தெரிந்த விஷயம். அவர் சொன்னால் உண்டு.

எடுத்த ரத்தத்தைத்தான் லேபில் பரிசோதிக்கிறார்களே, படிவம் எதற்கு என்று படித்தவர்களே கேட்பார்கள். பரிசோதிக்கிறார்கள். எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா, இந்த ஐந்தும் பார்த்த பிறகுதான் ஒரு பை வெளியே போகும். ஆனால் கிருமி உடம்புக்குள் நுழைந்த அன்றே பரிசோதனையில் தெரிந்துவிடாது. சில நாள், சில வாரம்கூட ஆகும். இடைப்பட்ட காலத்தில் பரிசோதனை சுத்தம் என்று சொல்லும், ரத்தத்தில் கிருமி இருக்கும். நேட் என்கிற புதிய பரிசோதனை அந்த இடைவெளியைச் சுருக்கும், ஒரேயடியாக அடைத்துவிடாது. நம் நாட்டில் எல்லா ரத்த வங்கியிலும் அந்த வசதி கிடையாது. மிச்ச இடைவெளிக்குக் காவல், கொடுக்க வந்தவரின் வாய்ச்சொல்தான். ஒரு பை ரத்தத்தைச் சிவப்பணு, பிளேட்லெட், பிளாஸ்மா என்று பிரித்து மூன்று பேருக்குக் கொடுக்கிறோம் என்று மேடையில் பெருமையாகச் சொல்கிறோமே, ஒருவர் மறைத்த பொய்யும் அதே மூன்று பேருக்குத்தான் போய்ச் சேரும்.

வெள்ளைச் சட்டைத் தம்பி

எனக்கு விஷயம் பிடிபட்டது ஒரு பிறந்தநாள் முகாமில். எந்தக் கட்சி என்பது இங்கே தேவையில்லை, எல்லாக் கட்சியிலும் இதே ஏற்பாடுதான். கல்யாண மண்டபம், வாசலில் வாழைமரம், உள்ளே பத்துப் பன்னிரண்டு கட்டில், மேடையில் மைக். "நமது இளைஞர் அணி சார்பாக இதுவரை..." என்று எண்ணிக்கையை அறிவித்துக்கொண்டே இருந்தார்கள். வட்ட வாரியாகப் போட்டி. சட்டைப் பையில் தலைவர் படம் தெரிய, புது வெள்ளைச் சட்டையில் ஒரு பையன் என் மேசைக்கு வந்தான். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். பின்னாலேயே அவன் சேக்காளிகள் இரண்டு பேர், ஏற்கெனவே கொடுத்துவிட்டுக் கையை மடக்கிக்கொண்டு நின்றார்கள். படிவத்தை வேகமாக டிக் அடித்துக்கொண்டு வந்தவன் ஒரு இடத்தில் நின்றான்.

"அக்கா, மஞ்சக்காமாலைன்னு போட்டிருக்கே, அது எத்தன வருசத்துக்கு முன்னாடி வந்திருந்தா?"

"ஏன் தம்பி, உனக்கு வந்துச்சா?"

அவன் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தான். "இல்லக்கா, சும்மா கேட்டேன்." இல்லை என்ற கட்டத்தில் டிக் அடித்தான்.

நான் எழுந்து போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன். ரத்த வங்கியிலிருந்து வந்திருந்தவர், அதிகம் பேசாதவர். அன்று கூட்டத்தில் எல்லோருக்கும் வெளியிலேயே மேசை போட்டுத்தான் பிரஷர் பார்த்தார்கள். இவனை மட்டும் ஸ்கிரீனுக்குப் பின்னால் கூட்டிப் போனார். கொஞ்ச நேரம் ஆனது. வெளியே வந்து, அந்தச் சேக்காளிகள் காதில் விழும்படி, "தம்பிக்கு இன்னைக்கு எடுக்க முடியாது, பிரஷர் சரியில்ல. ராத்திரி தூங்கலையாப்பா? போய் ஜூஸ் வாங்கிக் குடி" என்றார். அவன் முகத்தில் அப்போது வந்த நிம்மதியை நான் பார்த்தேன். ஜூஸும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு, மற்றவர்களோடு சேர்ந்து பேட்ஜ் குத்திக்கொண்டு போனான்.

மத்தியானம் சாப்பிடும்போது டாக்டரம்மா சொன்னார். போன வருஷம் அவனுக்குக் காமாலை வந்திருக்கிறது. ஊரில் கீழாநெல்லி கொடுத்துப் பத்தியம் இருந்து சரியாகியிருக்கிறது. எந்தக் கிருமியால் வந்தது என்று பரிசோதனை எதுவும் செய்யவில்லை. ஸ்கிரீனுக்குப் பின்னால் போனதும் கேட்காமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டானாம். "நல்ல பையன். பொய் சொல்லணும்னு வரல. வராம இருக்க முடியல, அவ்வளவுதான்." பிரஷர் உண்மையில் எவ்வளவு இருந்தது என்று நான் கேட்கவில்லை.

"வராம இருக்க முடியல." இத்தனை நாள் இடறிக்கொண்டிருந்தது இதுதான். ஒருவர் எதற்காக வந்தார் என்பதை வைத்து அவர் மனசு எவ்வளவு உயர்ந்தது என்று அளந்துகொண்டிருந்தோம். ஆசிரியர் அளந்ததும் அதைத்தான், "ரத்தம் ரத்தம்தானே" என்றவர்கள் அளக்க மறுத்ததும் அதைத்தான். கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தக் காரணத்துக்காக வந்தவரால் கொடுக்காமல் திரும்பிப் போக முடியுமா? முடியும் என்றால் காரணம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பாதகமில்லை. பிரியாணிக்கு வந்தவனை "உனக்கு இன்னைக்கு எடுக்க முடியாது, போய்ச் சாப்பிடு" என்றால் சாப்பிட்டுவிட்டுப் போவான். ஊசி பயத்தைத் தாண்ட வந்த பெண் இன்னொரு நாள் வருவாள். ஆனால் மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வட்டத்தின் மானம் இவன் கையில் இருக்கிறது என்று ஆக்கிவிட்ட பிறகு, அவன் எங்கே திரும்பிப் போவான்? அவன் நோக்கம் உண்மையில் நல்ல நோக்கம். தலைவர் மேல் பாசம், சேக்காளிகள் மேல் பாசம். அந்த நல்ல நோக்கமே அவனை இல்லை என்ற கட்டத்தில் டிக் அடிக்க வைத்தது.

காசும் சொந்தமும்

இப்படிப் பார்க்க ஆரம்பித்த பிறகு பழைய சங்கதிகளும் எனக்கு வேறு மாதிரி தெரிந்தன. ரத்தத்தைக் காசுக்கு விற்பது இந்த நாட்டில் ரொம்ப காலம் சாதாரணமாக நடந்தது. ஆஸ்பத்திரி வாசலில் புரோக்கர் இருப்பார், கூப்பிட்டால் ஆள் வருவார். 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் ஆய்வு மாணவியாக இருந்த டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டுபிடித்தார்கள். 1989இல் தானம் பெறும் ரத்தத்துக்கு எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயமானது. அதற்கு அடுத்த வருஷம் சுகாதார அமைச்சகமே ஃபெர்குசன் என்ற ஆலோசனை நிறுவனத்தைக் கொண்டு ரத்த வங்கிகளை ஆராயச் சொன்னது. அந்த அறிக்கை காட்டிய நிலைமையை வைத்து எச்.டி. ஷோரியின் காமன் காஸ் என்ற பொதுநல அமைப்பு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. 1998 ஜனவரி 1 முதல் காசுக்கு ரத்தம் எடுப்பது நின்றது, சட்டப்படி.

ரத்தம் விற்றவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். அவர்கள் பெரும்பாலும் அன்றைய சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள். போன வாரம்தான் கொடுத்தேன், உடம்பு முடியவில்லை, காய்ச்சல் வந்தது என்று உண்மையைச் சொன்னால் காசு போய்விடும், ராத்திரி பட்டினி. திரும்பிப் போகும் வழி அவர்களுக்கு அடைத்திருந்தது. பிரிட்டனில் ரிச்சர்ட் டிட்மஸ் என்ற அறிஞர் 1970இலேயே இதைச் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவில் காசு கொடுத்து வாங்கும் ரத்தத்தையும் பிரிட்டனில் இலவசமாக வரும் ரத்தத்தையும் ஒப்பிட்டு, உண்மையை மறைக்கக் காரணம் இல்லாதவரின் ரத்தம்தான் பத்திரமானது என்று வாதாடினார். காசு கொடுத்தால் வருகிறவர்களே குறைவார்கள் என்றும் சொன்னார். அதை 2008இல் சுவீடனில் இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்து வெளியிட்டார்கள். ரத்ததானம் செய்வதற்கான உடல் பரிசோதனைக்கு வர முடியுமா என்று கேட்டபோது, சும்மா கேட்கப்பட்ட பெண்களில் 52 சதவீதம் பேர் சரி என்றார்கள். கொஞ்சம் பணம் தருகிறோம் என்று சொல்லிக் கேட்டபோது அது 30 சதவீதமாகிவிட்டது. ஆண்களிடம் அவ்வளவு வித்தியாசம் தெரியவில்லை. நான் இதிலிருந்து பெரிய சித்தாந்தம் எதையும் எடுக்கவில்லை. கூப்பிட்டால் வருகிற மனுஷர்கள் காசைக் காட்டாமல் இருந்தாலே வருவார்கள் என்பதை நான் என் மேசையிலிருந்து பார்த்திருக்கிறேன், அதனால் எனக்கு அது ஆச்சரியமாக இல்லை.

காசு போய்விட்டது. அந்த இடத்தில் சொந்தம் வந்து உட்கார்ந்துகொண்டது. "ரெண்டு யூனிட் குடுங்க, அதுக்குப் பதிலா ரெண்டு டோனர் கூட்டிட்டு வாங்க." ஆபரேஷனுக்கு முதல்நாள் நம்மில் எத்தனை குடும்பம் இதைக் கேட்டிருக்கும். இதைப் படிப்படியாக ஒழிக்க வேண்டும் என்று 2002 தேசிய ரத்தக் கொள்கையிலேயே எழுதியிருக்கிறது. இன்னும் ஒழியவில்லை. ஐ.சி.யூ. வாசலில் மாமனார், மாமியார், கொழுந்தியாள் எல்லோரும் நிற்க, "மாப்பிள்ளை, நீங்கதான் குடுக்கணும்" என்று ஒருவர் சொல்லிவிட்டால், அந்த மாப்பிள்ளை படிவத்தில் அந்தரங்கமான கேள்விக்கு என்ன டிக் அடிப்பார்? டாக்டர் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால் வெளியே போய் என்ன காரணம் சொல்வார்? சொந்தத்துக்குக் கொடுக்கிற ரத்தம் மேல் என்று நம்புகிறோம். என் அனுபவத்தில் படிவத்தை அதிகம் கை நடுங்கி நிரப்புகிறவர்கள் அவர்கள்தான்.

2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டத்தில் நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்ட அந்தக் கர்ப்பிணிப் பெண்ணுக்கு நடந்த அநியாயம் எல்லோர் மனதிலும் இருக்கிறது. நான் அவரோடு, அந்த ரத்தத்தைக் கொடுத்த இளைஞரையும் சேர்த்து நினைக்கிறேன். அவர் கொடுத்தது ஓர் உறவுப் பெண்ணின் பிரசவத்துக்காக. பிறகு வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில்தான் தனக்குத் தொற்று இருப்பது அவருக்குத் தெரிந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்பே ஒரு முகாமில் கொடுத்தபோது தெரிந்திருந்தும் அவரிடம் யாரும் சொல்லவில்லை என்று அப்போது செய்திகளில் வந்தது. தெரிந்ததும் அவர் ஓடி ஒளியவில்லை. தானே போய் ரத்தத்தைப் பற்றிச் சொன்னார். அதற்குள் அது அந்தக் கர்ப்பிணிக்கு ஏற்றப்பட்டுவிட்டது. அந்த மாதம் முடிவதற்குள் அவர் உயிரோடு இல்லை. சொன்னால் என்ன ஆகும் என்று தெரியாத வயது இல்லை அது. தெரிந்துதான் சொன்னார். இதைவிடப் பெரிய ரத்ததானத்தை நான் கேள்விப்பட்டதில்லை.

எங்கள் குழுவில் அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். "பரிசோதனையில் ஏதாவது தெரியவந்தால் உங்களுக்குத் தெரிவிக்கலாமா?" என்று படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. பெரும்பாலானோர் படிக்காமலே தாண்டிவிடுவார்கள். நான் அதை விரலால் தொட்டுக் காட்டி வாசித்துச் சொல்வேன். அவர் எழுதிய நம்பருக்கு அங்கேயே ஒரு மிஸ்டு கால் கொடுத்துப் பார்ப்பேன். அவசரத்தில் ஒரு எண்ணை மாற்றி எழுதுபவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

கொடுக்க முடியாதவர்கள்

திருப்பி அனுப்பப்படுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15லிருந்து 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதைத்தான் நீலத் தண்ணீர் ஒவ்வொரு முகாமிலும் எங்களுக்குக் காட்டுகிறது. தையல் யூனிட்டில் வேலை பார்க்கும் ஓர் அக்கா, ஆசையாக வந்து, சொட்டு மிதந்ததும் "எனக்கா? நான் நல்லாத்தானே இருக்கேன்" என்று அங்கேயே நின்றுவிட்டார். கணவர் பக்கத்தில் நின்று சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. டெக்னீஷியன் அவரை உட்காரவைத்து, சத்து மாத்திரை எங்கே கிடைக்கும், டீயோடு சேர்த்து ஏன் போடக் கூடாது, முருங்கைக்கீரையோடு எலுமிச்சை ஏன் சேர்க்க வேண்டும் என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னார். அடுத்த முகாமுக்கு அந்த அக்கா மறுபடி வந்தார். அப்போதும் எட்டவில்லை. "சரி, வந்ததுக்கு ஏதாவது வேலை குடுங்க" என்று ஜூஸ் மேசைக்குப் போய் நின்றவர்தான், இன்று எங்கள் குழுவில் கேட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, முகம் வாடித் திரும்புகிற பெண்களைப் பிடித்துப் பேசி அனுப்புகிறவர்.

தன்னார்வலர்கள் ஏன் வருகிறார்கள் என்று கேட்டால் என்னிடம் இருக்கிற பதில் இதுதான். எங்கள் ஆட்களில் பாதிக்கு மேல் ரத்தம் கொடுக்க முடியாதவர்கள். இன்சுலின் போடுகிறவர், இதய ஆபரேஷன் ஆனவர், 65 தாண்டியவர், ஹீமோகுளோபின் எட்டாதவர். எனக்கே எட்டாத வருஷங்கள் உண்டு. கை நீட்ட முடியவில்லை என்பதால் மேசை போடுகிறோம், நாற்காலி தூக்குகிறோம், ராத்திரி போனை எடுக்கிறோம். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு இது பெரிய சேவை மனசு மாதிரி தெரியும். உள்ளே இருப்பது, ஒரு தடவை திருப்பி அனுப்பப்பட்டவருக்கு மட்டும் தெரிகிற ஒரு தவிப்பு.

எங்கள் குழுவின் மூத்தவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த நேரத்தில் எந்த வகை ரத்தம் கேட்டாலும் அவர் டைரியில் பெயர் இருக்கும். டெங்கு காலத்தில் பிளேட்லெட் கேட்டு வரும் போன்களை அவர் எடுக்கிற அழகே தனி. புதிதாக வரும் பசங்களுக்கு அவர் ஒன்றுதான் சொல்லித் தருவார். "ஒரு தடவ கேளு. வரேன்னா வரட்டும். யோசிக்கிறான்னா விட்டுரு, ஏன்னு கேக்காத. கொழந்த உசுரு போகுதுன்னு கெஞ்சாத." முதலில் இது எனக்குக் கல்நெஞ்சாகத் தோன்றியது. கெஞ்சினால் இன்றைக்கு ஒருத்தன் வந்துவிடுவானே. வருவான், ஆனால் எதையாவது மறைத்துக்கொண்டு வருவான், இல்லை என்றால் அடுத்த தடவை போனையே எடுக்க மாட்டான் என்பார். யோசித்தவனை விட்டுவிட்டால் நாலு மாசம் கழித்து "அண்ணே, அன்னைக்கு மாத்திரை சாப்ட்டுட்டு இருந்தேன், இப்ப வரவா?" என்று அவனே கூப்பிடுவான். அப்படி வந்த போன்களைப் பக்கத்தில் இருந்து நானே கேட்டிருக்கிறேன்.

ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் எடுக்கும் பெரிய முகாம்கள் மேல் எனக்கு ஆசை குறைந்ததும் இதனால்தான். சிவப்பணுவை 35 நாள், சில கரைசல்களில் 42 நாள் வைக்கலாம். பிளேட்லெட் ஐந்தே நாள். அக்டோபர் முதல் தேதி தேசிய தன்னார்வ ரத்ததான தினம் என்று ஊரெல்லாம் எடுக்கிற ரத்தம் ஏப்ரல், மே மாதத்துக்கு வந்து சேராது. அப்போது கல்லூரி எல்லாம் லீவு, பெரிய முகாம் எதுவும் கிடையாது, ரத்த வங்கிகளில் ஃப்ரிட்ஜ் காலியாக இருக்கும். அந்த வெயிலில் வருகிறவர்கள் யாரும் மைக்குக்காக வருவதில்லை.

போன தடவை ஒரு பொறியியல் கல்லூரியில் முகாம் போட்டபோது ஓ.டி. பற்றிப் பேச்சு வந்தது. ரத்தம் கொடுத்தவர்களின் பட்டியலை நாங்கள் தர வேண்டும், அவர்களுக்கு மட்டும் ஓ.டி. என்பது அங்கே வழக்கம். கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், பதிவு செய்து டாக்டரைப் பார்த்த எல்லோருக்கும் ஓ.டி. தாருங்கள் என்று நானும் கண்டக்டர் அண்ணனும் போய்க் கேட்டோம். என்.எஸ்.எஸ். பொறுப்பாளர் இளைஞர், உடனே தலையாட்டினார். துறைத் தலைவர் ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை. "எல்லாப் பயலும் பேர எழுதிட்டு கேன்டீன்ல போய் உக்காருவான் மேடம்" என்றார். உக்காரட்டும் சார் என்றேன். கடைசியில் அரைமனதாக விட்டார்.

சிலர் கேன்டீனுக்குப் போகத்தான் செய்தார்கள். பதிவுக்கும் எடுத்த பைகளுக்கும் இடையில் இருந்த வித்தியாசம் முந்தின வருஷத்தைவிட அதிகம், அதை மறைக்க வேண்டியதில்லை. டாக்டரிடம் கேட்டேன், நிறையப் பேரைத் திருப்பி அனுப்பிவிட்டீர்களே என்று. "நான் எங்க அனுப்பினேன், அவங்களே சொல்றாங்க" என்றார். பச்சை குத்தி மூணு மாசம்தான் ஆச்சு, நேத்து ராத்திரி சரியா தூங்கல, ஆன்ட்டிபயாட்டிக் ஓடிட்டு இருக்கு. முந்தின வருஷம் அதே பையன்கள் அதே படிவத்தில் எல்லாவற்றுக்கும் இல்லை என்று டிக் அடித்திருப்பார்கள். துறைத் தலைவர் இந்த வருஷம் பழைய முறைக்கே திரும்பலாம் என்கிறார், எண்ணிக்கை குறைந்துவிட்டதாம். அவரை மறுபடி பார்த்துப் பேசுவதற்கு நாள் கேட்டிருக்கிறோம். டாக்டரும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.